நெரிசல், பஸ், மெட்ரோ, அரசின் வாக்குறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீராதா?

கொஞ்ச நாளைக்குத் தீரும். அப்புறம் பழைய நிலைக்கே வரும், சில இடங்களில் அதைவிட மோசமாகும். காலியான இடத்தை நிரப்ப மூன்று வகை ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நெரிசலுக்குப் பயந்து ஆறு மணிக்கே கிளம்பியவர் எட்டு மணிக்குத் திரும்புகிறார். சந்துபொந்துகளில் சுற்றிப் போனவர் பிரதான சாலைக்கு வருகிறார். பஸ்ஸில் போனவர் வண்டியை எடுக்கிறார். இவை சில மாதங்களிலேயே நடந்துவிடும். அதன் பிறகு நகரத்துக்கு வெளியே புது மனைகள் விற்கப்பட்டு, தூரத்தில் குடியேறியவர்களின் வண்டிகளும் அதே சாலைக்கு வந்து சேரும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற விரைவுச்சாலை சுமார் 2.8 பில்லியன் டாலர் செலவில் விரிவாக்கப்பட்டு 2008-ல் முடிந்தது. பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் அதில் மாலை நேரப் பயண நேரம் பாதிக்கு மேல் கூடியது. இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் இருபது ஆண்டுத் தரவை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவு: சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது.

இதற்காக எந்தச் சாலை வேலையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சந்திப்பில் எதிர்ப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்குத் தனி இடம் இல்லாமல் நேராகப் போகும் தடம் அடைபடுகிறதென்றால், 40 மீட்டர் திரும்பு தடம் பல கோடி விரிவாக்கத்தைவிட அதிக பலன் தரும். குறிப்பிட்ட அடைப்பை எடுப்பது வேறு, முழு நீளத்தையும் அகலமாக்குவது வேறு. அறிவிப்பில் எது சொல்லப்படுகிறது என்று முதலில் பாருங்கள்.

மேம்பாலம்?

ஒரு சிக்னலைத் தாண்டிக் கொண்டுபோய் அடுத்த சிக்னலில் இறக்கிவிடும். கணக்கு எளிது. தடையில்லாமல் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 1,800 கார்கள் போகலாம். சிக்னலில் பச்சை 40 சதவீத நேரம்தான் என்றால் அதே தடம் 720 கார்களைத்தான் கடத்தும். மேம்பாலத்தின் இரண்டு தடங்கள் 3,600 வரை கொண்டுவந்து கொட்டும் இடத்தில் 1,440-க்குத்தான் வழி. மீதி எங்கே நிற்கும்? பாலத்தின் இறக்கத்தில். திட்ட அறிக்கையில் அடுத்த இரண்டு சந்திப்புகளின் கொள்ளளவு கணக்கிடப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பள்ளி விடுமுறையில் மட்டும் சாலை காலியாகிவிடுவது ஏன்? எல்லா வண்டியுமா பள்ளிக்குப் போகிறது?

இல்லை. கொள்ளளவை ஒட்டி ஓடும் சாலையில் கடைசிச் சில வண்டிகள்தான் நெரிசலை உண்டாக்குகின்றன. வரும் வண்டி போகும் வண்டியைவிடச் சற்றே மிகுந்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். சற்றே குறைந்தால் வரிசையே உருவாகாது. நூற்றில் ஐந்து பத்து வண்டிகள் குறைந்தாலே சாலை மூச்சுவிடும். ஆகவே எல்லோரையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டியதில்லை. பத்தில் ஒருவர், அதுவும் உச்ச நேரத்தில் மட்டும், மாறினால் போதும். பொதுப் போக்குவரத்துத் திட்டம் எதையும் "யார் காரை விட்டுவிட்டு வருவார்கள்?" என்று தள்ளிவிடுபவர்களுக்கு இதுதான் பதில்.

பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தடம் பெரும்பாலும் காலியாகத்தானே கிடக்கிறது?

கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். நிமிடத்துக்கு ஒரு பஸ் வீதம், 50 பேர் ஏறிய பஸ்கள் போனால் மணிக்கு 3,000 பேர். ஆனால் எந்த நொடியில் பார்த்தாலும் அந்தத் தடத்தின் பெரும்பகுதி வெற்றிடமாகத்தான் இருக்கும். பக்கத்துத் தடத்தில் சிக்னலோடு 720 கார்கள், காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,080 பேர். அது நிரம்பி வழிவதாகத் தெரியும். தடத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள் என்று எண்ணுங்கள்.

ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் மட்டுமே ஓடும் சாலையில் மணிக்கு 300 பேர்தான். அங்கே நாள் முழுக்கத் தடம் ஒதுக்குவதை நியாயப்படுத்துவது கடினம். சிக்னலுக்கு முன் 60-80 மீட்டர் மட்டும் பஸ்ஸுக்கு விட்டால் போதும், வரிசையைத் தாண்டி முன்னால் வந்துவிடும்.

அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் இல்லை, பிறகு மூன்று சேர்ந்து வருகின்றன. ஓட்டுநர்கள் டீக்கடையில் ஒன்றாகக் கிளம்புகிறார்களா?

எல்லோரும் சந்தேகப்படுவது அதுதான். பெரும்பாலும் அது காரணமில்லை. முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த ஸ்டாப்பில் அந்த இரண்டு நிமிடத்தில் வந்தவர்களும் சேர்ந்து நிற்பார்கள். ஏற அதிக நேரம் ஆகும். மேலும் தாமதம், மேலும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஸ்டாப்பில் ஆளே இல்லை. அது வேகமாக வந்து முன்னதை எட்டிப் பிடிக்கும். பாதை நீளமாக நீளமாக இது தானாகவே நடக்கும். யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை.

இதனால் பயணிக்கு ஏற்படும் இழப்பு நினைப்பதைவிட அதிகம். இருபது நிமிடத்தில் இரண்டு பஸ், பத்து நிமிட இடைவெளியில் வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே இரண்டு பஸ் 2 நிமிடம், 18 நிமிடம் என்ற இடைவெளியில் வந்தால்? ஸ்டாப்புக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் மாட்டுவார்கள். அவர்களின் சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். மீதி ஒருவருக்கு 1 நிமிடம். மொத்தச் சராசரி 8.2 நிமிடம். பஸ்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. அலுவலகப் பதிவேட்டில் "அனைத்து ட்ரிப்புகளும் இயக்கப்பட்டன" என்றுதான் இருக்கும்.

பஸ் ஓடுகிறது என்று அரசு சொல்வதும், பஸ் வரவில்லை என்று மக்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாவது இப்படித்தான். ட்ரிப் எண்ணிக்கையை அளப்பதை விட்டுக் காத்திருப்பை அளந்தால்தான் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேச முடியும். லண்டனில் அடிக்கடி ஓடும் பஸ் பாதைகளில், அட்டவணைப்படி காத்திருக்க வேண்டியதைவிட எத்தனை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது என்பதை அளக்கிறார்கள். பஸ் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும் அதைப் பொறுத்தே.

சரிசெய்ய வழி உண்டு. பாதையின் நடுவில் ஒன்றிரண்டு ஸ்டாப்புகளைக் கட்டுப்பாட்டு இடமாக வைத்து, சீக்கிரம் வந்த பஸ்ஸை ஓரிரு நிமிடம் நிறுத்துவது. டெர்மினஸில் போதிய ஓய்வு நேரம் தந்து தாமதம் அடுத்த ட்ரிப்புக்குத் தொற்றாமல் பார்ப்பது. மிக நீளமான பாதையை இரண்டாகப் பிரிப்பது. ஓய்வு நேரத்தை வெட்டி "ஒரு ட்ரிப் கூடுதல்" காட்டும் அதிகாரி இந்த நோயைத் தன் கையாலேயே வளர்க்கிறார்.

"நூறு புதிய பஸ்கள்" என்று அறிவித்தால் நம்பலாமா?

நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் நம்பலாம். அந்த நூறில் எத்தனை பழைய பஸ்களுக்கு மாற்று, எத்தனை உண்மையில் கூடுதல்? ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் நியமிக்கப்பட்டுவிட்டார்களா? இரவு நிறுத்த டிப்போவில் இடம் உண்டா, மின்சார பஸ் என்றால் சார்ஜ் செய்யும் மின் இணைப்பு வந்துவிட்டதா? எந்தப் பாதையில் இடைவெளி எத்தனை நிமிடத்திலிருந்து எத்தனையாகக் குறையும்? பராமரிப்புக்காகப் பத்துப் பதினைந்து சதவீதம் எப்போதும் வெளியே இருக்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கேள்விதான் முக்கியம். ஒரு பாதைக்கு எத்தனை பஸ் வேண்டும் என்பது சுற்றுநேரத்தை இடைவெளியால் வகுத்தால் வருவது. போக 50 நிமிடம், வர 50, இரு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் ஓய்வு: சுற்றுநேரம் 120. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 12 பஸ் தேவை. நெரிசல் கூடி ஒரு வழிக்கு 60 நிமிடமானால் சுற்றுநேரம் 140. அதே சேவைக்கு 14 பஸ். வாங்கிய இரண்டு புதிய பஸ்களும் சிக்னலில் நிற்பதற்கே சரியாகப் போயிற்று, பயணிக்கு ஒன்றும் மாறவில்லை. மாறாக, தனித் தடம் போட்டு ஒரு வழி 40 நிமிடமானால் சுற்றுநேரம் 100. அதே 12 பஸ்ஸில் எட்டு நிமிடம் இருபது விநாடிக்கு ஒன்று விடலாம். புதிய பஸ் ஒன்றுகூட வாங்கவில்லை, ஓட்டுநர் செலவும் ஏறவில்லை.

ரிப்பன் வெட்ட பஸ் வேண்டும். தடம் போட்டால் ரிப்பன் இல்லை. அறிவிப்புகள் பஸ்ஸைப் பற்றியே இருப்பதற்கு இது பாதிக் காரணம்.

பஸ் வேகத்தைக் கூட்ட மலிவான வழி எது? எங்கே சொதப்புகிறது?

நேரம் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓடும் நேரம், ஸ்டாப்பில் நிற்கும் நேரம், சிக்னலில் நிற்கும் நேரம் என்று மூன்றாகப் பிரித்து ஒரு வாரம் ஜிபிஎஸ் தரவை எடுத்தாலே நோய் தெரிந்துவிடும். தரவு எடுக்காமலே தீர்வு அறிவிப்பதுதான் வழக்கம்.

ஏறும் நேரம். முன்கதவில் வரிசையாக ஏறிப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினால் ஒருவருக்கு நான்கைந்து விநாடி. முன்பே டிக்கெட் எடுத்து எல்லாக் கதவிலும் ஏறினால் ஒரு விநாடிக்குச் சற்று கூடுதல். ஒரு ட்ரிப்பில் 90 பேர் ஏறினால் வித்தியாசம் நான்கு நிமிடத்துக்கு மேல். சொதப்பும் இடம்: பரிசோதகர்கள் போதாமல் டிக்கெட் இல்லாப் பயணம் பெருகும், ஆறு மாதத்தில் "வருமான இழப்பு" என்று பழைய முறைக்கே திரும்புவார்கள். பரிசோதகர் சம்பளத்தைத் திட்டத்தின் பகுதியாகவே பட்ஜெட்டில் காட்ட வேண்டும்.

ஸ்டாப்புகளின் எண்ணிக்கை. நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும், ஆள் ஏறும் நேரம் போக, வேகம் குறைத்துக் கூட்டவே பதினைந்து இருபது விநாடி போகும். 200 மீட்டருக்கு ஒரு ஸ்டாப் என்பதை 400 ஆக்கினால் பலன் உடனே தெரியும். நீக்கப்படும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எதிர்ப்பு வரும், அதில் முதியவர்களின் எதிர்ப்பு நியாயமானதும்கூட. மருத்துவமனை, சந்தை வாசல்களை விட்டுவிட்டு மற்றவற்றை ஒன்றோடொன்று இணைக்கலாம். நடைபாதை இல்லாத ஊரில் இதை முதல் வேலையாகச் செய்யக் கூடாது.

சிக்னல் முன்னுரிமை. பஸ் நெருங்கும்போது பச்சையைப் பத்து விநாடி நீட்டுவது. பஸ் நிற்கும் ஸ்டாப், சிக்னலுக்கு முன்னால் இருந்தால் இது வேலை செய்யாது: பச்சை நீண்டிருக்கும் நேரத்தில் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். ஸ்டாப்பைச் சந்திப்பைத் தாண்டி வைக்க வேண்டும். கருவி வாங்கி மாட்டிவிட்டு ஸ்டாப்பை நகர்த்தாமல் விட்ட சந்திப்புகளில் முன்னுரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

தனித் தடம். வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் இரண்டு வாரத்தில் பார்க்கிங் இடமாகிவிடும். தடுப்போ கேமராவோ, இரண்டில் ஒன்று வேண்டும். பஸ்ஸிலேயே முன்பக்கக் கேமரா வைத்து அபராதம் அனுப்பும் முறை நியூயார்க்கில் நடக்கிறது. அங்கே 14-வது தெரு 2019 அக்டோபரில் பகலில் பஸ், லாரி தவிர நேர்ப் போக்குவரத்துக்கு மூடப்பட்டபோது, பக்கத்துத் தெருக்கள் திணறும் என்று வழக்குகூடப் போட்டார்கள். பஸ் வேகமானது, பக்கத்துத் தெருக்கள் திணறவில்லை.

தோற்றுப்போன உதாரணமும் தெரிந்திருக்க வேண்டும். டெல்லியில் 2008-ல் 5.8 கிலோமீட்டர் நடுத் தடம் பஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. பஸ் பயணிகளுக்கு நேரம் மிச்சமாயிற்று. ஆனால் பஸ்களைச் சந்திப்புக்கு முன்னாலேயே நிறுத்தினார்கள், சிக்னல் சுற்று நீண்டுபோனது, எந்த பஸ் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதால் வரிசை கட்டி நின்றன, கார் வரிசையும் நீண்டது. துண்டு தூரத்துக்கு மட்டும் கட்டியதால் பலன் பெறுபவர்களைவிட எரிச்சல்பட்டவர்களின் குரல் பெரிதாயிற்று. 2015-ல் அதை அகற்ற முடிவானது. நடுத் தடம் என்ற யோசனை தவறில்லை. ஸ்டாப் இருந்த இடமும் சிக்னல் நேரமும் தவறு.

அப்படியானால் மெட்ரோ வேண்டாமா?

ஒரு திசையில் மணிக்கு இருபது முப்பதாயிரம் பேர் போகும் வழித்தடத்துக்கு மெட்ரோதான் சரி. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் தனித் தடத்தில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ, பஸ்ஸிலேயே நாற்பதாயிரத்தைத் தொட்டது உண்மைதான்; அதற்கு ஸ்டாப்பில் முந்திச் செல்லும் இரண்டாவது தடமும், நீண்ட இணைப்பு பஸ்களும், எக்ஸ்பிரஸ் சேவைகளும் தேவைப்பட்டன. எல்லா ஊரிலும் அந்த அகலம் கிடைக்காது. மெட்ரோவுக்கு ஆண்டுக் கணக்காகும் என்பதால், "மெட்ரோ வருகிறது" என்பதை இன்றைய பஸ்ஸைக் கவனிக்காமலிருக்கக் காரணமாக்குவதைத்தான் ஏற்கக் கூடாது. நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் பஸ் இல்லாத மெட்ரோவில் கணித்த கூட்டம் வராது.

பெரிய திட்டங்கள் ஏன் எப்போதுமே தாமதமாகி, செலவும் எகிறுகிறது? ஊழலா?

ஊழல் இருக்கும் இடத்தில் இருக்கும். ஆனால் ஊழல் குறைந்த நாடுகளிலும் இதேதான் நடக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளிவ்பெர்க் தன் குழுவோடு பல நாடுகளின் திட்டங்களை ஒப்பிட்டபோது ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது, சாலைத் திட்டங்களில் 20. ரயிலில் வந்த பயணிகளோ கணித்ததில் பாதிதான். பத்தில் ஒன்பது ரயில் திட்டங்களில் பயணிகள் கணிப்பு மிகையாகவே இருந்தது. தவறுகள் தற்செயல் என்றால் இரு பக்கமும் சாய வேண்டும். ஒரே பக்கம் சாய்வதற்குக் காரணம், ஒப்புதல் வாங்கக் கணக்கை இனிப்பாக எழுதுவதுதான்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தெருவில் ஓடும் டிராம் ரயில் நல்ல பாடம். 2008-ல் 545 மில்லியன் பவுண்ட் பட்ஜெட். 2014 மே இறுதியில் திறந்தபோது 776 மில்லியன் ஆகியிருந்தது, பாதையும் திட்டமிட்டதைவிடக் குட்டை. மீதித் துண்டு 2023-ல்தான் திறந்தது. என்ன தவறியது என்று விசாரிக்க வைத்த குழுவின் அறிக்கையே 2023-ல்தான் வந்தது. சிக்கல் தொடங்கிய இடங்களில் ஒன்று தெருவுக்கு அடியில்: எதிர்பார்த்ததைவிட அதிகக் குழாய்களும் கேபிள்களும் இருந்தன. அவற்றை மாற்றி முடிக்கும் முன்பே தண்டவாள ஒப்பந்தம் போட்டுவிட்டதால், ஒவ்வொரு தாமதமும் ஒப்பந்தக்காரரோடு தகராறாக மாறியது.

ஆகவே திட்டம் அறிவிக்கப்படும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். நிலத்தடிக் குழாய், கேபிள் ஆய்வு டெண்டருக்கு முன் முடிந்ததா? நிலம் எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது? இதே போன்ற பழைய திட்டங்களில் செலவு எவ்வளவு கூடியது என்று பார்த்து மதிப்பீட்டில் அதைச் சேர்த்திருக்கிறார்களா? பிரிட்டன் 2004 முதல் இந்த மூன்றாவதைத் தன் வழிகாட்டுதலிலேயே வைத்திருக்கிறது. முதல் மதிப்பீடு பெரிதாக இருந்தால் அலறாதீர்கள். அழகாகச் சிறியதாக இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நெரிசலான பகுதிக்குள் வண்டியோடு நுழைய வாங்கும் நெரிசல் கட்டணம் வேலை செய்கிறதா, அல்லது இன்னொரு வரியா?

வேலை செய்கிறது. சிங்கப்பூர் 1975-ல் காலை நேரத்துக்கு உரிமச் சீட்டு முறையைக் கொண்டுவந்து, 1998-ல் மின்னணு வசூலுக்கு மாறியது. லண்டன் 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டோடு தொடங்கியது. நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சில ஆண்டுகள் கழித்து அங்கே தாமதம் மீண்டும் கூடியது. வண்டிகள் திரும்பி வந்ததால் அல்ல. குழாய் மாற்றச் சாலையைத் தோண்டியதும், பாதசாரிகளுக்கும் பஸ்ஸுக்கும் இடம் ஒதுக்கியதும் காரணம்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் செய்த முறை, அரசின் வாக்குறுதியை மக்கள் எப்படி நம்புவது என்ற இந்தப் பக்கத்தின் முக்கியக் கேள்விக்கே பதில். 2005 ஆகஸ்டில் முதலில் கூடுதல் பஸ்களை விட்டார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை கட்டணம், சோதனையாக மட்டும். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. ஆகஸ்டில் கட்டணத்தை நிறுத்தினார்கள், நெரிசல் திரும்பியது, எல்லோரும் பார்த்தார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு, நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு. சோதனைக்கு முன் பெரும்பான்மை எதிர்ப்பாக இருந்த ஊர் அது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது.

எடின்பரோவில் 2005-லும் மான்செஸ்டரில் 2008-லும் வாக்கெடுப்பை முதலில் வைத்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது "எங்களை நம்புகிறீர்களா" என்பது. ஸ்டாக்ஹோமில் கேட்கப்பட்டது "நீங்கள் பார்த்தது பிடித்ததா" என்பது.

இன்னும் இரண்டு உதாரணங்களையும் மறைக்கக் கூடாது. அதே ஸ்வீடனின் யோதெபோரியில் (கோதன்பர்க்) 2013-ல் கட்டணம் வந்தது, 2014 வாக்கெடுப்பில் பெரும்பான்மை எதிர்த்தது, வாக்கெடுப்பு ஆலோசனைக்கு மட்டுமே என்பதால் கட்டணம் தொடர்ந்தது. போக்குவரத்துக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலை ஒதுக்குவதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். நியூயார்க்கில் 2024 ஜூன் 30 அன்று 15 டாலராகத் தொடங்க வேண்டியது, சில வாரங்கள் இருக்கும்போது ஆளுநரால் நிறுத்திவைக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்று 9 டாலராக வந்தது.

டிக்கெட்டை இலவசமாக்கினால் கார்கள் குறையாதா?

கொஞ்சம்தான். எஸ்தோனியாவின் தாலின் 2013 முதல் நகரில் பதிவு செய்து வசிப்பவர்களுக்கு இலவசம், லக்ஸம்பர்க் 2020 முதல் நாடு முழுக்க எல்லோருக்கும். தாலினில் பஸ்ஸுக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் முன்பு நடந்து போனவர்கள். இலவசம் ஏழைகளின் கையில் பணத்தை விடுகிறது, அந்த வகையில் நல்லதே. ஆனால் காரில் போகிறவர் பஸ்ஸை விட்டதற்குக் காரணம் டிக்கெட் விலை அல்ல, எப்போது வரும் என்று தெரியாதது. இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அடிக்கடி ஓடும் சேவைக்குக் கொடுப்பதே நெரிசலைக் குறைக்கும்.

போக்குவரத்துக்காகப் புது வரி கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பணம் எங்கே போகும் என்று எழுதித் தந்தால். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2008 நவம்பரில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், 30 ஆண்டுகளுக்கு அரை சதவீத விற்பனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது, 67.9 சதவீதம் கிடைத்தது. எந்தப் பாதை, எத்தனை சதவீதம் எந்த வகைச் செலவுக்கு, கணக்கைப் பார்க்க எந்தத் தனிக் குழு என்பதெல்லாம் வரைவிலேயே இருந்தன. 2016-ல் மீண்டும் கேட்டபோது ஆதரவு ஏறியது. லண்டனிலும் நெரிசல் கட்டண வருவாயின் நிகரத் தொகையை முதல் பத்தாண்டுகள் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். "பொது நிதியில் சேரும், தேவைக்கேற்பச் செலவிடப்படும்" என்று இருந்தால் தயங்குவதில் தவறில்லை.

புதிய முறை வந்த முதல் வாரமே குழப்பம். தோல்வி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். சியோல் 2004 ஜூலை 1 அன்று பாதைகள், எண்கள், நிறங்கள், கட்டணம், கார்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியது. கார்டு கருவிகள் முரண்டு பிடித்தன, நடுத் தடத்தில் பஸ்கள் ரயில் போல வரிசை கட்டின, மேயர் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஸ்டாப்புகளைப் பிரித்து, பாதைகளைத் திருத்தினார்கள். இன்று அதுதான் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அடியில் இருந்த மாற்றம் உறுதியானது: பாதையையும் கட்டணத்தையும் நகரம் தீர்மானிக்கும், நிறுவனங்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். கூட்டத்தைப் பிடிக்கப் பந்தயம் ஓட்ட வேண்டிய தேவை போயிற்று.

முதல் வாரத்தைவிட ஐந்தாவது ஆண்டு ஆபத்தானது. டிரான்ஸ்மிலேனியோ 2000-ல் திறந்தபோது மக்கள் கொண்டாடினார்கள். கூட்டம் கூடியது, வலைப்பின்னல் அந்த வேகத்தில் விரியவில்லை, 2012-ல் நெரிசலுக்கு எதிரான போராட்டத்தில் நிலையங்கள் உடைக்கப்பட்டன. கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, ஓட்டவும் விரிவாக்கவும் ஒதுக்காவிட்டால் முடிவு இதுதான்.

எங்கள் பாதை எப்படி ஓடுகிறது என்று நாங்களே அளக்க முடியுமா?

முடியும். மூன்று பேர், கைபேசிக் கடிகாரம், ஒரு நோட்டு போதும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள், காலை 8 முதல் 10 வரை. திங்கள், வெள்ளி, பண்டிகையை ஒட்டிய நாள், மழை நாள் வேண்டாம். பாதை தொடங்கும் இடத்தில் நிற்காதீர்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த ஸ்டாப்பில் நில்லுங்கள்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்த நேரம், கிளம்பிய நேரம், பாதை எண், நிரம்பி ஆளை ஏற்றாமல் போனதா என்ற நான்கையும் விநாடியோடு எழுதுங்கள். பிறகு இடைவெளிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் அதனோடே பெருக்கி, அவற்றைக் கூட்டி, மொத்த இடைவெளி நேரத்தின் இருமடங்கால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். அட்டவணை இடைவெளியில் பாதியை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது பயணியிடமிருந்து பறிக்கப்பட்ட நேரம். ஏற்றாமல் போன பஸ்ஸை வராத பஸ்ஸாகவே எண்ண வேண்டும்.

பல நகரங்கள் அட்டவணையையும் பஸ் இருக்கும் இடத்தையும் திறந்த தரவாக வெளியிடுகின்றன. அங்கே நிற்கவே வேண்டாம், மாதக் கணக்கில் பதிவிறக்கலாம். ஒன்று கவனம்: ஜிபிஎஸ் கருவி பழுதான பஸ் தரவில் தெரியாது, ஓடாத பஸ்ஸும் தெரியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு புகார் எழுதினால் அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு மீதி அத்தனையையும் தள்ளிவிடுவார்.

அளந்தாயிற்று. மனுவில் என்ன எழுதுவது?

ஒரே பாதை, ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். "போக்குவரத்தை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும், கோப்பு முடிந்தது. இந்தச் சந்திப்புக்கு முன் 70 மீட்டர் பஸ் தடம், காலை 7 முதல் 11 வரை, ஆறு மாதச் சோதனை. இப்போதைய கூடுதல் காத்திருப்பு இத்தனை நிமிடம், அளந்த நாட்கள் இவை. முடிவை இன்ன தேதியில் வெளியிடுங்கள் என்று எழுதுங்கள். சோதனை என்ற சொல் அதிகாரிக்கும் பாதுகாப்பு: தோற்றால் திரும்பப் பெறலாம், பழி இல்லை.

நகலைச் சாலைத் துறை, பஸ் நிறுவனம், போக்குவரத்துக் காவல் மூன்றுக்கும் ஒரே நாளில் அனுப்பி, மூவரின் பெயரையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். கோடு போடுவது ஒருவர், பஸ் ஓட்டுவது ஒருவர், அபராதம் போடுவது இன்னொருவர். தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். தகவல் அறியும் சட்டம் இருக்கும் நாடாக இருந்தால், மனு அனுப்பிய 45-வது நாள் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். எந்த மேசையில் நிற்கிறது என்று அதில் தெரியும். அடுத்த கடிதம் அந்த மேசைக்குப் போக வேண்டும்.